பன்னிரண்டாவது வண்டி

நாலு வருடத்துக்கு ஒருமுறை
எங்களுக்கு ஒரு நாள் கொசுறாகக் கிடைக்கும்.
அந்தப் பிப்ரவரி இருபத்தொன்பது
கிளீவ்லாந்தில் ஏரிக்காற்று
கண்ணாடிச் சுவரில் பனியை அறைந்துகொண்டிருந்தது.
உள்ளே ஒன்பது வண்டிகள்,
ஒரு மைல்கூட ஓடாத அகம்பாவத்தோடு.

நாலு மணிக்கு வந்தாள் யூடோரா பிக்கெட்.
சாம்பல்நிறக் கோட்டு. தொப்பியைக் கழற்றவில்லை.
கருநீல வண்டியைச் சுற்றிவரவில்லை,
கதவைத் திறந்து இருக்கைத் தோலை முகரவில்லை.
(முகர்ந்தவர்கள் பாதிக் கையெழுத்துப் போட்டவர்கள்.)
நேரே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

'மாதம் எவ்வளவு கட்ட முடியும்?' என்றேன்.
பதினாறு வருடமாக நான் போடும் முதல் தூண்டில்.
'மாதத்தை அப்புறம் பேசலாம்.
வண்டி என்ன விலை?'

காப்பி கொடுத்தேன். பேசினேன்.
மூன்று வருடக் குத்தகை,
வருடத்துக்குப் பத்தாயிரம் மைல்,
திருப்பித் தரும்போது வண்டிக்கு என்ன மதிப்பு எஞ்சும்,
நடுவில் தேய்வதற்குத்தான் வாடகை,
தேயாதது உலகில் என்ன இருக்கிறது மேடம் என்று
கொஞ்சம் தத்துவமும்.
மேசைக்குக் கீழே
அவள் விரல்கள் முழங்கால்மேல் அசைவதைக் கண்டேன்.
பதற்றம் என்று நினைத்தேன்.
பதற்றம் எங்கள் தொழிலில் நல்ல சகுனம்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்று எழுதி
வட்டமிட்டுத் தாளைத் திருப்பினேன்.
'முன்பணம் ஐயாயிரம் போட்டால் இன்னும் குறையும்.'
'மூன்றாம் நாளே ஒரு லாரி இதை நசுக்கினால்
அந்த ஐயாயிரம் யாரோடு போகும்?'
விரல்கள் நிற்கவில்லை.

மேலாளரைக் கேட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.
மேலாளர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.
முந்தின இரவு ஆட்டத்தைப் பற்றி நாலு நிமிடம் பேசினோம்,
வழக்கம்போல்.
முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினேன்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள்.
கையில் தாள் இல்லை.
'நாலு பன்னிரண்டுக்கு,
வட்டிக் காரணி வங்கி வைப்பது, என் கையில் இல்லை என்றீர்கள்.
நாலு முப்பத்தொன்றுக்கு,
அதில் கொஞ்சம் பார்த்துச் செய்கிறேன் என்றீர்கள்.
எதைப் பதிவில் வைக்கட்டும், மிஸ்டர் ஹ்லாவின்?'

நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராம்.
இருபத்தெட்டு வருடம்.
பொய்சாட்சிகள் தண்ணீர் கேட்கும் நேரம்
அவளுக்குத் தெரியும்.
நான் தண்ணீர் குடித்தேன்.

'புள்ளி சுழி சுழி மூன்று ஒன்று.
பார்க்கக் கொசு மாதிரி இருக்கிறது.
இரண்டாயிரத்து நானூறால் பெருக்குங்கள்.'
பெருக்கினேன்.
கிட்டத்தட்ட ஏழரை.
எனக்குப் பிடித்த ஏழரை.

'வங்கியின் காரணி சுழி சுழி இரண்டு மூன்று.
விலை ஐம்பத்தேழாயிரம்.
முன்பணம் கிடையாது.
வரிக்கு முன் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரும்.'
பிறகு என் தலைக்குப் பின்னால்
மோவாயால் காட்டினாள்:
'பலகையில் உங்கள் பெயருக்கு நேரே பதினோரு நட்சத்திரம்.
பக்கத்தில் பன்னிரண்டுக்குப் போனஸ் என்று எழுதியிருக்கிறது.
இன்று இரவோடு மாதம் முடிகிறது.'

இந்த முறை மேலாளரிடம் உண்மையாகவே கேட்டேன்.
ஆறே வார்த்தை. ஒரு நிமிடம் ஆகவில்லை.

கையெழுத்துப் போடும் முன்
எல்லாப் பக்கங்களையும் படித்தாள்,
யாருமே படிக்காத பின்பக்கத்தையும்.
அப்போதுதான் விரல்கள் ஓய்ந்திருந்தன.
குளிர்கால ரப்பர் விரிப்புகள் நான்கை
நானாகவே பின்னால் போட்டுக் கொடுத்தேன்.
ஏன் என்று தெரியவில்லை.
'இது எதில் சேரும்?' என்றாள்.
'எதிலும் இல்லை' என்றேன்.
அதையும் முழங்காலில் தட்டிக்கொண்டாளோ என்னவோ.

என் வண்டிக்குப் பதினோரு வயது.
ஹீட்டர் இடது காலுக்கு மட்டும் அடிக்கும்.
வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கூப்பிட்டாள்:
'எப்படிப் போச்சு?'
அடிமாட்டு விலைக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
இருட்டில், பக்கத்து இருக்கையில்,
யாருடைய விரல்களோ அசைந்தமாதிரி இருந்தது.
'பன்னிரண்டாவது போய்விட்டது' என்றேன்.